மூத்த பேராசிரியருக்கான ஆய்வு, படைப்பு விருது: பரிந்துரைக் கோப்பு தயாரிக்க முழுமையான வழிகாட்டி

மூத்த பேராசிரியர் ஒருவரின் ஆய்வையும் படைப்புப் பணியையும் பாராட்டிப் பல பல்கலைக்கழகங்கள் விருது வழங்குகின்றன. வேதியியல் ஆய்வாளரும் வரலாற்றாசிரியரும் சிற்பியும் நாடக இயக்குநரும் ஒரே பட்டியலில் நின்று போட்டியிடும் விருது அது. தன் துறையிலிருந்து ஒருவரைப் பரிந்துரைக்கும் பொறுப்பு முதன்முறையாக வந்து சேர்ந்தவருக்காக இதை எழுதுகிறேன்.

புதிதாக இறங்குகிறவர்கள் பெரும்பாலும் உட்கார்ந்த உடனே பரிந்துரைக் கடிதத்தை எழுதத் தொடங்குகிறார்கள். பாராட்டுச் சொற்கள் பக்கம் பக்கமாக வந்துவிடும். ஆனால் அந்தப் பேராசிரியர் என்னதான் செய்தார் என்று வேறு துறைக்காரர் கேட்டால் கடிதத்தில் பதில் இருக்காது. கடிதத்தைக் கடைசிக்கட்ட வேலையாக வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன் முடிக்க வேண்டியவற்றை அவற்றின் வரிசையிலேயே கீழே தருகிறேன்.

1. அறிவிப்பைப் பிரித்து எழுதுங்கள்

விருது அறிவிப்பிலுள்ள ஒவ்வொரு நிபந்தனையையும் தனி வரியாக ஒரு தாளில் எழுதுங்கள். அதற்கான ஆதாரம் கோப்பில் எங்கே வரப்போகிறது என்பதை எதிரே குறியுங்கள். தேர்வுக் குழுவினர் மதிப்பெண் தாள் வைத்துக்கொண்டு படித்தால், அந்தத் தாளின் தலைப்புகள் அறிவிப்பிலுள்ள சொற்களையே ஒட்டியிருக்கும். அவர்கள் தேடும் சொல் உங்கள் கோப்பில் கண்ணில் பட வேண்டும்.

தகுதியை முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள். ‘மூத்த’ என்பதற்கு அங்கே என்ன வரையறை? பேராசிரியர் பதவி மட்டும் போதுமா, அதே பல்கலைக்கழகத்தில் இத்தனை ஆண்டு பணி வேண்டுமா? ஓய்வு பெற்றவர்களைச் சேர்க்கிறார்களா? முன்பு வாங்கியவர் மீண்டும் வாங்கலாமா? ஒரு துறைக்கு ஒரு பெயர்தானா? இவற்றில் ஒன்றில் இடறினாலும் மீதி உழைப்பெல்லாம் வீண். ஐயம் இருந்தால் விருதை நடத்தும் அலுவலகத்தை மின்னஞ்சலில் கேளுங்கள். வாய்மொழிப் பதிலை நம்பி வேலையைத் தொடங்க வேண்டாம்.

அடுத்தது கால எல்லை. வாழ்நாள் பணி முழுவதையும் பார்க்கும் விருதும் உண்டு, அண்மைய சில ஆண்டுகளை மட்டும் பார்க்கும் விருதும் உண்டு. முன்னதற்கு ஒரு பயணத்தைக் காட்ட வேண்டும். பின்னதற்குப் பழைய சாதனை பின்னணியாக மட்டுமே உதவும்.

கடைசியாக, இந்த விருது எதைக் கணக்கில் எடுக்காது என்பதையும் எழுதுங்கள். கற்பித்தலுக்கும் நிர்வாகத்துக்கும் தனி விருதுகள் உள்ள இடங்களில், துறைத் தலைவராக ஆற்றிய தொண்டைப் பற்றி இங்கே ஒரு பக்கம் எழுதினால் அந்தப் பக்கத்துக்கு மதிப்பெண் கிடைக்காது.

2. கடைசித் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

எட்டு வாரம் இருந்தால் நிம்மதியாகச் செய்யலாம். முதல் இரண்டு வாரங்களில் சம்மதம், உரையாடல், ஆவணச் சேகரிப்பு, மைய வாக்கியம், படைப்புத் தேர்வு ஆகியவற்றை முடித்துவிடுங்கள். கடைசித் தேதிக்கு ஆறு வாரம் இருக்கும்போது ஆதரவுக் கடிதம் கேட்கும் மின்னஞ்சல்கள் போயிருக்க வேண்டும். மூன்று வாரம் இருக்கும்போது பரிந்துரைக் கடிதத்தின் முதல் வரைவு கையில் இருக்கட்டும். கடைசி வாரம் சரிபார்ப்புக்கு மட்டும்.

உங்கள் கையில் இருக்கும் வேலையை ஒரு வார இறுதியில்கூட முடித்துவிடலாம். பிறர் கையில் இருக்கும் வேலையை அப்படி அவசரப்படுத்த முடியாது. அதனால்தான் வெளியாட்களைத் தொடும் வேலைகள் முன்னால் வருகின்றன.

3. பேராசிரியரின் சம்மதம், ஒரு நீண்ட உரையாடல்

வியப்பாக இருக்கட்டும் என்று அவருக்குத் தெரியாமல் கோப்பு தயாரிப்பவர்கள் உண்டு. வேண்டாம். அவரிடம் மட்டுமே இருக்கும் தகவல்கள் பல. அதோடு, விதிகளின்படி பெரும்பாலும் அவர் கையெழுத்தும் தேவைப்படும்.

சம்மதம் கிடைத்ததும் ஒரு மணி நேரமாவது உட்கார்ந்து பேசுங்கள். ‘உங்கள் சாதனைகள் என்ன?’ என்று கேட்டால் பலர் கூச்சத்தில் சுருங்கிவிடுவார்கள். கேள்வியை வேறு வழியில் கொண்டுபோக வேண்டும். நீங்கள் இந்த வேலையைத் தொடங்கியபோது துறையில் எல்லோரும் எதை நம்பினார்கள்? இன்று அது மாறியிருக்கிறதா? உங்கள் முறையை வேறு யார் எடுத்துப் பயன்படுத்துகிறார்கள்? எந்த ஒரு படைப்பு இல்லாமல் போனால் மற்றவை அர்த்தமிழக்கும்? யார் உங்களோடு கடுமையாக வாதிட்டார்கள்?

இந்தக் கடைசிக் கேள்வியை விடாதீர்கள். ஒரு கருத்தை எதிர்த்து மற்றவர்கள் கட்டுரை எழுதியிருக்கிறார்கள் என்றால் அந்தக் கருத்தைப் புறக்கணிக்க முடியவில்லை என்று பொருள். தன்விவரக் குறிப்பில் இது எங்கேயும் இருக்காது.

பேச்சை அவர் அனுமதியோடு பதிவு செய்யுங்கள். அவர் தன் வேலையை எளிய சொற்களில் விளக்கும் இரண்டு மூன்று வாக்கியங்கள், நீங்கள் உட்கார்ந்து யோசித்து எழுதுவதைவிட நன்றாக இருக்கும்.

4. எழுதுவதற்கு முன் கையில் இருக்க வேண்டியவை

முழுமையான தன்விவரக் குறிப்பு, வெளியீட்டுப் பட்டியல், ஆய்வு நிதி விவரம், விருதுகள், அழைப்புரைகள், படைப்புப் பணிக்கான ஆவணங்கள், மதிப்புரைகளின் நகல்கள் எல்லாவற்றையும் ஒரே கோப்புறையில் சேருங்கள்.

பட்டியலை அப்படியே நம்பாதீர்கள். ஒவ்வொரு கட்டுரையையும் அதன் டி.ஓ.ஐ. எண் (கட்டுரைக்கு இணையத்தில் தரப்படும் நிலையான அடையாள எண்) வழியே திறந்து ஆண்டு, இதழ், ஆசிரியர் வரிசை சரிதானா என்று பாருங்கள். முப்பது ஆண்டுப் பட்டியலில் ஒரே கட்டுரை இரண்டு முறை வந்திருப்பதும், ‘வெளிவரவுள்ளது’ என்ற குறிப்பு பல ஆண்டுகளாக அப்படியே கிடப்பதும் சாதாரணம். குழுவில் ஒருவர் அப்படி ஒன்றைக் கண்டுவிட்டால் மீதிப் பட்டியலையும் ஐயத்தோடுதான் படிப்பார்.

பெயர்ச் சிக்கலையும் இப்போதே பாருங்கள். ஒரே ஆய்வாளர் ஓரிடத்தில் தலைப்பெழுத்தோடும் இன்னோரிடத்தில் முழுப் பெயரோடும் எழுதியிருந்தால், தரவுத்தளங்கள் அவரை இரண்டு மூன்று ஆட்களாகப் பிரித்துவைத்திருக்கும். மேற்கோள் எண்ணிக்கையும் சிதறிவிடும். ‘ஆர்கிட்’ எனப்படும் 16 இலக்க ஆய்வாளர் அடையாள எண் 2012 முதல் வழங்கப்படுவது இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான். மூத்தவர்கள் சிலரிடம் அது இருக்காது, இருந்தாலும் பழைய கட்டுரைகள் அதில் இணைக்கப்பட்டிருக்காது. இணைத்து முடித்துவிட்டு, ஸ்கோபஸ் போன்ற மேற்கோள் தரவுத்தளங்களில் பிரிந்துகிடக்கும் பக்கங்களை ஒன்றாக்கும்படி விண்ணப்பியுங்கள். திருத்தம் வந்துசேர நாளாகும் என்பதால் இதைத் தள்ளிப்போடக் கூடாது.

5. மைய வாக்கியம்

கோப்பு முழுவதையும் தாங்கப்போகும் ஒற்றை வாக்கியத்தை இப்போது எழுதுங்கள். இந்தப் பேராசிரியரால் எது மாறியது என்பதை அது சொல்ல வேண்டும்.

‘நிலத்தடி நீரியலில் முப்பது ஆண்டுகளாகச் சிறந்த பங்களிப்பு செய்துவருபவர்’ என்ற வாக்கியத்தில் ஒன்றும் இல்லை. துறையின் பெயரை மாற்றினால் யாருக்கும் பொருந்தும். ‘கடலோர நிலத்தடி நீரில் உப்பு எவ்வளவு தூரம் புகுந்திருக்கிறது என்பதைப் புதுக் கிணறு தோண்டாமலே கணிக்கும் முறையை உருவாக்கியவர், அந்த முறையை நீர்வளப் பொறியாளர்கள் இன்று களத்தில் பயன்படுத்துகிறார்கள்’ என்பது இன்னொருவருக்குப் பொருந்தாது. நான் உதாரணத்துக்காகப் புனைந்த ஆள்தான் என்றாலும் வேறுபாடு புரிந்திருக்கும்.

ஆய்வும் படைப்பும் இரண்டும் செய்தவருக்கு இந்த வாக்கியம் கடினமாக இருக்கும். இசை ஆய்வும் செய்து இசையும் அமைப்பவர் என்றால், இரண்டுக்கும் பொதுவான கேள்வி என்ன என்று தேடுங்கள். உண்மையிலேயே பொதுக் கேள்வி இல்லையென்றால் வலிந்து ஒட்ட வேண்டாம். இரண்டு வாக்கியமாக எழுதி, வலுவானதை முன்னால் வையுங்கள்.

எழுதிய வாக்கியத்தைப் பேராசிரியரிடமே காட்டுங்கள். ‘இது கொஞ்சம் மிகை’ என்று அவர் சொன்னால் குறைத்துக்கொள்ளுங்கள். கடிதம் எழுதப்போகும் வெளி வல்லுநருக்கும் அதே எண்ணம் வரும்.

6. நான்கைந்து படைப்புகளைத் தேர்ந்தெடுங்கள்

200 கட்டுரைகளையும் குழு படிக்காது. அவற்றில் மைய வாக்கியத்தை மெய்ப்பிக்கும் நான்கைந்தை நீங்களே எடுத்துக்கொடுங்கள். அதிகம் மேற்கோள் காட்டப்பட்டவையே அவையாக இருக்க வேண்டும் என்பதில்லை. பிறர் ஆய்வுகளைத் திரட்டிச் சொல்லும் தொகுப்புக் கட்டுரைகள் மேற்கோள்களை அள்ளும். ஆனால் புதிய கண்டுபிடிப்பு வேறொரு சிறிய கட்டுரையில் இருக்கக்கூடும்.

தொடக்ககாலம், நடுக்காலம், அண்மைக்காலம் மூன்றிலிருந்தும் எடுங்கள். மூத்தவர்களைப் பற்றிக் குழுவுக்கு எழும் முதல் ஐயம், எல்லாம் பழைய கதைதானோ என்பது. கடந்த சில ஆண்டுகளில் வந்த வலுவான ஒரு படைப்பு அதற்குப் பதில் சொல்லிவிடும்.

ஒவ்வொன்றுக்கும் மூன்று நான்கு வரி எழுதுங்கள்: என்ன சிக்கல் இருந்தது, இவர் என்ன செய்தார், அதன்பின் என்ன நடந்தது. மூன்றாவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். வேறு ஆய்வுக்கூடம் அதே முடிவை எட்டியதா? பாடநூலில் நுழைந்ததா? வேறு மொழியில் வந்ததா? நாடகம் என்றால் வேறு குழு அதை மேடையேற்றியதா?

கூட்டாகச் செய்த வேலையில் இவர் பங்கு என்ன என்பதையும் அங்கேயே சொல்லிவிடுங்கள். கணிதத்தில் ஆசிரியர் பெயர்களை அகரவரிசையில் போடுவது வழக்கம். ஆய்வுக்கூட அறிவியல் பலவற்றில் கடைசிப் பெயர்தான் குழுத் தலைவருடையது. இது தெரியாத குழு உறுப்பினர், பட்டியலின் கடைசியில் நிற்பவர் ஏதோ சிறு உதவி செய்தவர் என்று நினைத்துவிடுவார். பங்கைச் சொல்ல ‘கிரெடிட்’ என்ற வகைப்பாடு பயன்படும். கருத்துருவாக்கம், ஆய்வுமுறை, மென்பொருள், முதல் வரைவு என அதில் 14 பங்குகள் உள்ளன. இரண்டு மூன்று போதும்.

7. எண்களை அளவோடும் சரியாகவும்

புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. எச்-இண்டெக்ஸ் என்ற குறியீட்டை இயற்பியலாளர் ஹோர்ஹே ஹிர்ஷ் 2005-இல் முன்வைத்தார். ஒருவரின் எச்-இண்டெக்ஸ் 40 என்றால், தலா 40 முறையாவது மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகள் அவரிடம் 40 உள்ளன என்று பொருள். பணிக்காலம் கூடக் கூட அது ஏறத்தான் செய்யும், குறையவே குறையாது. எனவே ஒரு மூத்தவரை இன்னொரு மூத்தவரோடு ஒப்பிட, அதிலும் வெவ்வேறு துறைக்காரர்களை ஒப்பிட, அது மோசமான அளவுகோல். உயிர்மருத்துவத்தில் நடுத்தரமாகத் தெரியும் எண் கணிதத்தில் மிகப் பெரியதாக இருக்கலாம்.

எண்ணைத் தருகிறீர்கள் என்றால் எந்தத் தளத்திலிருந்து, எந்தத் தேதியில் எடுத்தது என்பதையும் சேர்த்துத் தாருங்கள். கூகுள் ஸ்காலர் ஆய்வேடுகள், முன்வரைவுகள், நூல்கள் எல்லாவற்றிலிருந்தும் எண்ணுகிறது. ஸ்கோபஸும் வெப் ஆஃப் சயின்ஸும் தாங்கள் தேர்ந்தெடுத்த வெளியீடுகளிலிருந்து மட்டும் எண்ணுகின்றன. அதனால் ஒரே ஆளுக்கு மூன்று தளங்களில் மூன்று எண் வரும். கடிதத்தில் ஒரு தளத்தின் எண், தன்விவரக் குறிப்பில் இன்னொன்று என்று போனால் குழு குழம்பும். ஒரே தளம், ஒரே நாள்.

துறை வேறுபாட்டைச் சரிக்கட்டிய அளவு ஒன்று கிடைத்தால் அதுவே மேல். ஸ்கோபஸ் தரவை வைத்துக் கணிக்கும் துறைசார் மேற்கோள் தாக்கத்தில் 1 என்பது உலகச் சராசரி. 2 என்றால் அதே துறையில், அதே ஆண்டில் வந்த அதே வகை வெளியீடுகளின் சராசரியைப்போல் இரண்டு மடங்கு. வேறு துறைக்காரருக்கும் இது சட்டென்று விளங்கும்.

இதழின் தாக்கக் காரணியைக் கட்டுரையின் தரமாகக் காட்டாதீர்கள். அது அந்த இதழில் முந்தைய இரண்டு ஆண்டுகளில் வந்த கட்டுரைகளுக்குக் கிடைத்த மேற்கோள்களின் சராசரி. தனி ஆய்வாளரை மதிப்பிட அதைப் பயன்படுத்தக் கூடாது என்று 2012-இல் உருவான சான்பிரான்சிஸ்கோ பிரகடனம் வெளிப்படையாகவே சொல்கிறது. 2015-இல் வந்த லைடன் அறிக்கையும் எண்கள் வல்லுநரின் தீர்ப்புக்குத் துணை நிற்க வேண்டும் என்கிறது. உங்கள் பல்கலைக்கழகம் அந்தப் பிரகடனத்தில் கையெழுத்திட்டிருந்தால், தாக்கக் காரணியை அடுக்குவது நிறுவனத்தின் கொள்கைக்கே எதிராகப் போகும்.

மொழி, இலக்கியம், வரலாறு போன்ற துறைகளில் மேற்கோள் எண்ணையே விட்டுவிடலாம். நூல்களையும் ஆங்கிலம் அல்லாத மொழி வெளியீடுகளையும் இந்தத் தளங்கள் சரியாகப் பிடிப்பதில்லை. அங்கே மதிப்புரைகள், மறுபதிப்புகள், மொழிபெயர்ப்புகள், பாடத்திட்டத்தில் இடம் ஆகியவை பேசும். காரணத்தை ஒரே வரியில் கடிதத்தில் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால், எண் இல்லாததை மறைப்பு என்று எடுத்துக்கொள்வார்கள்.

8. படைப்புப் பணிக்கு ஆதாரம் சேர்ப்பது

ஓவியர், இசையமைப்பாளர், கவிஞர், இயக்குநர், கட்டடக் கலைஞர் ஆகியோரின் கோப்புகள் தோற்பதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான். தயாரித்தவர் கலையின் மதிப்பு தானே விளங்கும் என்று நம்பிவிடுகிறார். அறிவியல் பின்னணி உள்ள குழு உறுப்பினருக்கு ஓர் ஆய்விதழின் தரம் தெரியும். ஒரு கண்காட்சிக்கூடத்தின் தரம் தெரியாது. அதை நாம்தான் எடுத்துச் சொல்ல வேண்டும்.

முதலில், யார் தேர்ந்தெடுத்தார்கள் என்பதைச் சொல்லுங்கள். ஆய்விதழில் வல்லுநர் மதிப்பீடு இருப்பதுபோல் கலையிலும் தேர்வு இருக்கிறது: நடுவர் குழு, கண்காட்சிப் பொறுப்பாளர், பதிப்பாசிரியர், விழா இயக்குநர். ‘நடுவர் குழு தேர்ந்தெடுத்த கண்காட்சி’, ‘அழைப்பின் பேரில் நடந்த தனிக் கண்காட்சி’, ‘விண்ணப்பித்த அனைவரும் பங்கேற்ற குழுக் கண்காட்சி’ மூன்றையும் ஒரே தலைப்பின்கீழ் போடாதீர்கள்; பிரித்துப் போட்டாலே பாதி வாதம் முடிந்துவிடும். எத்தனை விண்ணப்பங்களிலிருந்து தேர்வானது என்பதை அமைப்பாளர்கள் அறிவித்திருந்தால் மட்டும் எழுதுங்கள், ஊகம் வேண்டாம்.

இரண்டாவது, படைப்பு வெளிவந்த பிறகு அதற்கு என்ன வாழ்க்கை கிடைத்தது? அருங்காட்சியகத்தின் நிரந்தரத் தொகுப்பில் சேர்ந்ததா, வேறு இசைக்குழுக்கள் வாசிக்கின்றனவா, தொகைநூலில் இடம்பெற்றதா, மொழிபெயர்ந்ததா, யாராவது அதைப் பற்றி ஆய்வேடு எழுதினார்களா? ஒரே ஒருமுறை அரங்கேறிய பத்து நாடகங்களைவிட, பலரும் திரும்பத் திரும்ப மேடையேற்றிய ஒன்று வலுவான சான்று.

மூன்றாவது, மதிப்புரைகள். முழு மதிப்புரையையும் இணைப்பில் வைத்து, கடிதத்தில் ஓரிரு வரி மட்டும் எடுத்தாளுங்கள். பாராட்டும் பாதி வரியை மட்டும் வெட்டி ஒட்டினால், இணைப்பைத் திறந்து பார்க்கும் உறுப்பினர் மீதிப் பாதியையும் படித்துவிடுவார். படைப்பை விவரிக்கும் வரியை எடுங்கள். புகழும் வரியைவிட அது அதிகம் சொல்லும்.

நான்காவது, இவர் பங்கு. நாடகம், திரைப்படம், கட்டடம் எல்லாமே பலர் சேர்ந்து செய்பவை. இயக்கம், ஒளியமைப்பு, இசை, வடிவமைப்பு என்று குறிப்பாக எழுதுங்கள். ‘பங்கேற்றார்’ என்ற சொல் கோப்பில் எங்கேயும் இருக்கக் கூடாது. அதற்கு எந்தப் பொருளும் இல்லை.

படைப்பு ஆய்வா, கலையா, இரண்டுமா என்ற கேள்வியும் எழும். ஓ.இ.சி.டி. என்ற பன்னாட்டுப் பொருளாதார அமைப்பு ஆய்வுப் பணியை அளப்பதற்காக வெளியிட்ட ஃப்ராஸ்காட்டி கையேடு (2015 பதிப்பு) இதை மூன்றாகப் பிரிக்கிறது: கலைக்காகச் செய்யும் ஆய்வு, கலையைப் பற்றிய ஆய்வு, கலை வெளிப்பாடு. புதிய இசைக்கருவி உருவாக்குவது முதல் வகை, இசை வரலாறு இரண்டாவது, கச்சேரி மூன்றாவது. உங்கள் விருது மூன்றையும் ஏற்கும். என்றாலும் எது எந்த வகை என்று தெளிவாக வைத்தால் குழுவில் வீண் விவாதம் எழாது.

இனி ஆவணங்கள். காணொளி என்றால் இரண்டு மூன்று நிமிடத் துண்டாக வெட்டிக் கொடுங்கள். முழுப் பதிவும் வேண்டுமென்றால் எந்த நிமிடத்திலிருந்து பார்க்க வேண்டும், எதைக் கவனிக்க வேண்டும் என்று ஒரு வரி எழுதுங்கள். படங்களுக்குத் தலைப்பு, ஆண்டு, ஊடகம், அளவு, காட்சிக்கு வைக்கப்பட்ட இடம் அனைத்தும் வேண்டும். அளவைக் குறிப்பிடாவிட்டால் சுவரளவு ஓவியமும் உள்ளங்கை ஓவியமும் திரையில் ஒன்றாகத்தான் தெரியும். நிறமும் ஒளியும் சரியாக வந்த படங்களையே பயன்படுத்துங்கள். கைபேசியில் அவசரமாக எடுத்த படம் நல்ல ஓவியத்தையும் கெடுத்துக் காட்டும்.

9. ஆதரவுக் கடிதங்கள்

எழுதுபவரின் புகழைவிட, அவருக்கு இந்த வேலையைப் பற்றி எவ்வளவு தெரியும் என்பதே பயன் தரும். பெரிய பெயர் கொண்டவர் எழுதிய நான்கு வரிப் பொதுக் கடிதம் கோப்பைப் பலவீனமாக்கும். இவரை நெருக்கமாக அறியாதவர் என்று குழு படித்துக்கொள்ளும்.

நலமுரண் (சொந்த உறவோ நலனோ தீர்ப்பைப் பாதிக்கும் நிலை) இல்லாதவர்களைத் தேடுங்கள். ஆய்வு வழிகாட்டி, முன்னாள் மாணவர், அண்மையில் இணைந்து எழுதியவர் ஆகியோரைப் பல விருதுகள் ஏற்பதில்லை. ஏற்கும் இடத்திலும், உறவைக் கடிதத்தின் முதல் பத்தியிலேயே சொல்லிவிடச் சொல்லுங்கள். இவரோடு எந்தத் தொடர்பும் இல்லாமல், இவர் வேலையைத் தன் வேலைக்குப் பயன்படுத்துகிற ஒருவரின் கடிதம்தான் எல்லாவற்றிலும் மேலானது. அப்படிப்பட்டவரை, மேற்கோள் காட்டியவர்களின் பட்டியலிலேயே கண்டுபிடிக்கலாம்.

மூவர் எழுதுகிறார்கள் என்றால் மூவருக்கும் ஒரே வேண்டுகோளை அனுப்பாதீர்கள். ஒருவர் ஆரம்பகாலப் பணியின் தாக்கத்தை, ஒருவர் அண்மைய பணியை, ஒருவர் துறைக்கு வெளியே அது சென்ற விதத்தை எழுதினால் மூன்று கடிதங்களும் சேர்ந்து ஒரு முழுப் படம் தரும். இல்லையென்றால் மூன்றும் ஒரே கட்டுரையைப் பாராட்டி நிற்கும்.

வேண்டுகோளோடு விருது அறிவிப்பு, மைய வாக்கியம், தேர்ந்த படைப்புகளின் குறிப்பு, தன்விவரக் குறிப்பு, கடைசித் தேதி, பக்க அளவு, யாருக்கு அனுப்ப வேண்டும் என்ற விவரம் அனைத்தையும் இணையுங்கள். உண்மையான கடைசித் தேதிக்கு ஒரு வாரம் முன்னதான தேதியைக் கொடுங்கள். மறுக்க விரும்புபவர் தயங்காமல் மறுக்கும்படி எழுதுங்கள். மனமில்லாமல் எழுதும் கடிதம் வேண்டாம்.

கடிதத்தை நீங்களே எழுதிக் கொடுத்துக் கையெழுத்து வாங்க வேண்டாம். அது முறையல்ல என்பது முதல் காரணம். மூன்று கடிதமும் ஒரே நடையில் இருப்பதைக் குழு எளிதில் கண்டுபிடித்துவிடும் என்பது அடுத்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மருத்துவக் கல்லூரி ஆசிரியர்களுக்காக எழுதப்பட்ட 300-க்கும் மேற்பட்ட பரிந்துரைக் கடிதங்களை ஆராய்ந்த ஓர் ஆய்வு 2003-இல் வெளியானது. பெண்களுக்கான கடிதங்கள் சராசரியாகச் சிறியதாக இருந்தன. கடின உழைப்பாளி என்பதுபோன்ற சொற்கள் அவற்றில் அதிகம், ஆய்வைப் பற்றிய பேச்சு குறைவு. நீங்கள் பரிந்துரைப்பவர் பெண் என்றால், ஆய்வின் உள்ளடக்கத்தைப் பற்றியே எழுதும்படி வேண்டுகோளில் வெளிப்படையாகக் கேளுங்கள். உங்கள் சொந்தக் கடிதத்தையும் இந்தக் கண்ணோடு ஒருமுறை படியுங்கள்.

10. இப்போது பரிந்துரைக் கடிதம்

முதல் பத்தியில் மைய வாக்கியம் வந்துவிட வேண்டும். ‘பரிந்துரைப்பதில் பெருமகிழ்ச்சி அடைகிறேன்’ என்று தொடங்கி, பிறகு துறையின் வரலாறு, பிறகு உங்கள் அறிமுகம் என்று போனால், பல கோப்புகளை ஒரே மூச்சில் படிக்கும் உறுப்பினர் விஷயத்துக்கு வந்து சேருவதற்குள் களைத்துவிடுவார்.

அடுத்த பத்திகளை அறிவிப்பின் அளவுகோல்களின் வரிசையிலேயே அமையுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு கூற்று, ஒரு சான்று, அதன் பொருள். கலைச்சொல் தவிர்க்க முடியாதபோது அதே வாக்கியத்தில் விளக்கிவிட்டு நகருங்கள்.

எழுதி முடித்ததும் அடைமொழிகளைத் தேடி அடியுங்கள். ‘தலைசிறந்த’, ‘இணையற்ற’, ‘உலகப் புகழ்பெற்ற’ போன்றவை எல்லாக் கோப்பிலும் இருக்கும் என்பதால் எதையும் பிரித்துக் காட்டுவதில்லை. ஒரு சொல்லை அடித்த பிறகு வாக்கியத்தில் ஒன்றுமே மிஞ்சவில்லை என்றால், அங்கே சான்று இல்லை என்று அறிந்து தேடுங்கள். ஆதரவுக் கடிதங்களை உங்களுக்கும் காட்டியிருந்தால், அவற்றிலிருந்து ஒரு வரியை இங்கே கொண்டுவரலாம். குழு அந்தக் கடிதத்தை எங்கே நின்று கவனிக்க வேண்டும் என்பது அதனால் தெரியும்.

11. தன்விவரக் குறிப்பை இந்த விருதுக்கேற்ப அடுக்குங்கள்

பக்க வரம்பு இருந்தால் குழு உறுப்பினர் பதவிகள், பயிலரங்கு வருகைகள் முதலில் போகட்டும். வல்லுநர் மதிப்பீடு பெற்ற கட்டுரை, நூல், நூலின் அத்தியாயம், மாநாட்டுக் கட்டுரை, பொதுவாசகர் கட்டுரை ஆகியவற்றைத் தனித்தனித் தலைப்பில் வையுங்கள். கலந்து போட்டால் எண்ணிக்கையைப் பெருக்கிக் காட்டும் முயற்சியாகத் தோன்றும். தேர்ந்தெடுத்த நான்கைந்துக்கும் ஒரு குறியிடுங்கள். பரிசீலனையில் இருப்பவை வேண்டாம்.

பணம் வாங்கிக்கொண்டு மதிப்பீடே இல்லாமல் வெளியிடும் இதழ்களில் ஏதேனும் வந்திருந்தால், அதைத் தேர்ந்தெடுத்த படைப்புகளில் சேர்க்காதீர்கள். பேராசிரியரிடம் மரியாதையோடு, ஆனால் நேராகவே இதைப் பேசிவிட வேண்டும்.

12. வேறு துறை வாசகரிடம் கொடுங்கள்

உங்கள் துறைக்குத் தொடர்பே இல்லாத ஒருவரிடம் கடிதத்தைக் கொடுத்துப் பத்து நிமிடம் கழித்து வாங்கிவிடுங்கள். பிறகு கேளுங்கள்: இவர் என்ன செய்தார்? ஏன் அது முக்கியம்? எதை நம்ப முடியவில்லை? அவர் சொல்லும் பதில் உங்கள் மைய வாக்கியத்துக்கு அருகில் வந்தால் போதும். வராவிட்டால் அவருக்கு விளக்கம் சொல்லத் தொடங்காதீர்கள், கடிதத்தைத் திருத்துங்கள். குழுவின் அறையில் விளக்கம் சொல்ல நீங்கள் இருக்க மாட்டீர்கள்.

13. கோப்பைச் சேர்த்து அனுப்புதல்

அறிவிப்பு கேட்ட வரிசையிலேயே ஒரே பிடிஎஃப், முதல் பக்கத்தில் உள்ளடக்கம், பகுதிதோறும் புத்தகக்குறி. எழுத்துருக்கள் கோப்பிலேயே பதிந்திருக்கின்றனவா என்று வேறொரு கணினியில் திறந்து பாருங்கள். தமிழ் போன்ற எழுத்துகள் சில கணினிகளில் கட்டம் கட்டமாக உடைந்துவிடும்.

இணைப்புகளை உங்கள் கணக்கிலிருந்து வெளியேறிய நிலையில் சொடுக்கிச் சோதியுங்கள். காணொளிக்கு அனுமதி கேட்டுக் குழுவிலிருந்து யாரும் மின்னஞ்சல் அனுப்ப மாட்டார்கள். அடுத்த கோப்புக்குப் போய்விடுவார்கள். முடிவு அறிவிக்கும் நாள்வரை அந்த இணைப்புகள் உயிரோடு இருக்க வேண்டும்.

பக்க வரம்பை மீறாதீர்கள். எழுத்தைச் சுருக்கி ஏமாற்றவும் வேண்டாம். இரண்டு நாள் முன்பே பதிவேற்றி, வந்துசேர்ந்ததற்கான சான்றைச் சேமியுங்கள். ஆதரவுக் கடிதங்கள் நேரடியாகக் குழுவுக்குப் போகும் முறையென்றால், அனைத்தும் வந்துவிட்டனவா என்று அலுவலகத்தில் கேட்டு உறுதி செய்யுங்கள். ஒரு கடிதம் வராததால் கோப்பே முழுமையற்றது என்று ஒதுக்கப்படுவது உண்டு.

14. அனுப்பிய பிறகு

கடிதம் எழுதியவர்களுக்கு அன்றே நன்றி எழுதுங்கள். முடிவு வந்ததும் அது எதுவானாலும் தெரிவியுங்கள். அடுத்த ஆண்டு மீண்டும் கேட்க வேண்டியிருக்கலாம்.

கிடைக்கவில்லை என்றால், குழுவின் கருத்தைத் தர முடியுமா என்று அலுவலகத்தைக் கேளுங்கள். அதே கோப்பை அடுத்த சுற்றுக்குக் கொண்டுபோக விதிகள் இடம் தரலாம். அப்போதும் பழையதை அப்படியே அனுப்பாமல், எண்களைப் புதிய தேதியில் எடுத்து, இடைப்பட்ட காலத்துப் படைப்பைச் சேர்த்து, குழு ஐயப்பட்ட இடத்துக்குப் பதில் சொல்லக்கூடிய புதிய ஆதரவுக் கடிதம் ஒன்றையாவது வாங்கி அனுப்புங்கள். பேராசிரியரின் உரையாடல் பதிவு, சரிபார்த்த வெளியீட்டுப் பட்டியல், படங்களின் மூலக் கோப்புகள் ஆகியவற்றைத் துறையின் பொதுச் சேமிப்பில் வைத்துவிடுங்கள். அடுத்து இந்தப் பொறுப்பை ஏற்பவர் நான்காம் படியை முதலிலிருந்து செய்ய வேண்டியிருக்காது.